தீபாவளியன்று மல்லாந்த நத்தைகள்

2023 நவம்பர் 12, தீபாவளி. விடிகாலையில் எண்ணெய்க் குளியலுக்கு எழுந்தவன் வழக்கம்போல முதலில் என் கடல்நீர் மீன் தொட்டியைத்தான் பார்த்தேன். இரண்டு டர்போ நத்தைகள் மணலில் மல்லாந்து கிடந்தன. டர்போ கண்ணாடியில் ஏறித் தவறி விழுவது உண்டு. எடுத்து நிமிர்த்திப் பாறைமேல் வைத்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி கீழே கிடக்கின்றன, அவற்றோடு மூன்றாவதாக ஒன்றும். கையில் எடுத்தபோது பாதம் ஓட்டுக்குள் இழுபடவில்லை. ஊறிய தோல் மாதிரித் தொங்கியது. நல்ல நத்தை விரல் பட்டதும் மூடியை இழுத்துக்கொள்ளும்.

ஆனால் கோமாளி மீன்கள் இரண்டும் பசியோடு முன்கண்ணாடிக்கு வந்து ஆடிக்கொண்டிருந்தன. நிறம் பளிச்சென்று இருந்தது. மூச்சும் சீராக இருந்தது. மீன் நன்றாக இருந்தால் தண்ணீரும் நன்றாகத்தான் இருக்கும் என்றுதான் அன்றுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையால் என் தொட்டியில் ஒன்பது உயிர்கள் போயின. அடுத்த மூன்று வாரங்களில் என்ன செய்தேன், எது வேலை செய்தது என்பதை நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதை ஒட்டியே எழுதுகிறேன்.

தொட்டியைப் பற்றிக் கொஞ்சம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பாறையும் மணலும் போக, கீழே உள்ள வடிகட்டித் தொட்டியையும் சேர்த்தால் ஏறக்குறைய 160 லிட்டர் தண்ணீர். வடசென்னையில் மூன்றாவது மாடி வீடு. 2023 ஜூனில் தண்ணீர் ஊற்றினேன். அம்மோனியா ஏறி இறங்கி, நைட்ரைட் ஏறி இறங்கி, பாக்டீரியா நிலைபெற ஆறு வாரம் காத்திருந்தேன். அப்புறம்தான் உயிர்களை விட்டேன். பண்ணையில் பொரித்த கோமாளி மீன் இரண்டு, கிளீனர் இறால் இரண்டு, டர்போ நத்தை எட்டு, மணலுக்குள் வாழும் நஸ்ஸாரியஸ் நத்தை ஆறு, காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் ஹெர்மிட் நண்டு ஐந்து, கடல் முள்ளெலி ஒன்று.

பவளம் கிடையாது. 2001 முதல் பாறை கட்டும் கல் பவளங்கள் எல்லாமும், கடல் விசிறிகளும் நம் நாட்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வெளிநாட்டுக்காரர்கள் மணலைச் சுத்தப்படுத்தச் சிபாரிசு செய்யும் கடல் அட்டையும் அப்படித்தான். ராமநாதபுரம் பக்கம் கடல் அட்டைக் கடத்தல் செய்தியைப் படிக்காத ஆள் இங்கே இருக்க முடியாது. அதனால் என் தொட்டியில் இருப்பது செயற்கைப் பாறை. நான்கு மாதத்தில் அதன்மேல் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி திட்டுத்திட்டாகப் படர்ந்துவிட்டது. பவளம் இல்லாவிட்டால் பவளப்பாறைத் தொட்டி வெறுமையாக இருக்கும் என்று சொல்பவர்கள், கிளீனர் இறால் மீனின் செவுளுக்குள் தலையை நுழைத்துச் சுத்தம் செய்வதை ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். சாயங்காலம் விளக்கு மங்கும்போது ஹெர்மிட் நண்டுகள் ஓடு மாற்றிப் பார்க்கும். எனக்கு அதுவே போதும்.

சரி, தீபாவளிக்கு வருவோம்.

மதியத்துக்குள் ஐந்து டர்போ விழுந்துவிட்டன. கடல் முள்ளெலி பாறையிலிருந்து இறங்கி மணலில் உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி ஏழெட்டு முட்கள் உதிர்ந்து கிடந்தன. இது சாதாரண விஷயம் இல்லை. முள்ளெலிக்கு முள் கவசம் மட்டுமல்ல, அதன் உடம்போடு தசையால் இணைந்த உறுப்பு. தண்ணீரில் பெரிய கோளாறு இருந்தாலொழிய அது முள்ளை விடாது.

முதல் சந்தேகம் செம்பு. முதுகெலும்பில்லாத கடலுயிர் வளர்க்கும் எவருக்கும் முதலில் அதுதான் தோன்றும். மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு கலந்த மருந்து கொடுப்பார்கள். மீன் தாங்கும் அந்த அளவை இறாலோ நத்தையோ தாங்காது. நான் மருந்து எதுவும் ஊற்றவில்லை. ஆனால் நம் வீடுகளில் செம்பு வருவதற்கு இன்னொரு வழி இருக்கிறது. இப்போது விற்கும் குடிநீர் ஆர்ஓ இயந்திரங்கள் பலவற்றில் உடம்புக்கு நல்லது என்று செம்பு சேர்க்கும் கேட்ரிட்ஜ் வைத்தே தருகிறார்கள். குடிக்கிற நமக்கு அது நல்லதோ இல்லையோ, தொட்டிக்கு அந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது. சமையலறை இயந்திரத்தின் பின்பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு குழாயாகப் பார்த்தேன். எங்களுடையது பழைய மாடல், செம்பு கேட்ரிட்ஜ் இல்லை. பரிசோதனைக் குப்பியில் தொட்டித் தண்ணீரையும் ஆர்ஓ தண்ணீரையும் தனித்தனியாகப் பார்த்தேன். இரண்டிலும் செம்பு காட்டவில்லை.

அடுத்து, வெடிப் புகை. அன்று தெருவே புகை மண்டலம். காற்று பம்ப் அறைக் காற்றை இழுத்துத்தான் தண்ணீருக்குள் விடுகிறது. ஜன்னலை மூடிவிட்டுப் பம்பை நிறுத்தினேன். கூடவே, ஹாலில் செருகியிருந்த கொசுவிரட்டித் திரவமும் ஞாபகம் வந்தது. அதில் இருப்பது பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. கொசுவும் இறாலும் ஒரே கணுக்காலி இனம் என்பதால் கொசுவைக் கொல்வது இறாலையும் கொல்லும். அதைக் கழற்றிப் படுக்கையறைக்கு மாற்றினேன். இன்றுவரை ஹாலில் அதைச் செருகவிடவில்லை. ஆனால் யோசித்தால், நத்தையும் முள்ளெலியும் கணுக்காலி இல்லை. பூச்சிக்கொல்லி என்றால் முதலில் இறால்தான் துடித்திருக்கும். இங்கே முதலில் விழுந்தது நத்தை.

அம்மோனியா பூஜ்யம். நைட்ரைட் பூஜ்யம். நைட்ரேட் 15. காரத்தன்மை 7.5 டிகேஹெச், கொஞ்சம் குறைவுதான், ஆனால் கொல்லும் அளவு இல்லை. வெப்பம் 27 டிகிரி. உப்பு, ஹைட்ரோமீட்டரில் ஒப்படர்த்தி 1.023. அதன் முகப்பில் பச்சைப் பட்டைக்குள்ளேயே முள் நின்றது. பச்சைதானே என்று அடுத்ததற்குப் போய்விட்டேன். அன்று செய்த பெரிய தவறு அது.

இரவு ஒரு கிளீனர் இறால் சட்டை உரிக்க ஆரம்பித்தது. இறாலுக்கு ஓடு வளராது. உடம்பு வளர வளர, பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை இறுக்கிக்கொள்ள வேண்டும். முதுகுப் பக்கம் பிளந்து, ஒரு உதறலில் முழு உருவமும் வெளியே வந்துவிடும். கழற்றிய சட்டை அச்சு அசல் செத்த இறால் போலவே மிதக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் பலர் அதைப் பார்த்துப் பதறிப்போவார்கள். வெளியே வந்தவுடன் இறால் தண்ணீரை உள்ளே இழுத்து மெத்தென்ற உடம்பை ஊதிப் பெரிதாக்கும். அப்புறம் அந்த அளவுக்கு ஓடு கெட்டியாகும். அதன் வாழ்வில் இதைவிட ஆபத்தான நேரம் வேறு இல்லை. எங்கள் இறால் பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. தலைப்பகுதி கழன்றது, வால் கழலவில்லை. ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கையால் உதவி செய்யக் கூடாது, கால் பிய்ந்துவிடும். பதினொன்றரை மணிக்கு அசைவு நின்றது. அதை எடுத்து வெளியே வைத்தபோது என் மகள் அழுதாள். எனக்கும் தொண்டை அடைத்தது.

மறுநாள் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. மரக்காணம் பக்கம் இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை. தீபாவளி அன்றுகூட ஷிஃப்ட் இருந்ததால் ஒரு நாள் தள்ளி வந்தான். செருப்பைக் கழற்றும்போதே தொட்டியைப் பார்த்துவிட்டான்.

"மாமா, உப்பு எவ்வளவு ஓடுது?"

"இருபத்தி மூணு மச்சான். பச்சைக்குள்ளதான் இருக்கு."

"அது ஒப்படர்த்தி. பிபிடி எவ்வளவு? எதுல பாத்தீங்க?"

பிபிடி என்றால் ஆயிரம் பங்கு தண்ணீரில் எத்தனை பங்கு உப்பு என்பது. ஹைட்ரோமீட்டரைக் காட்டினேன். பெட்டி மாதிரி இருக்கும், தண்ணீரை மொண்டால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் முள் மிதந்து எண்ணைக் காட்டும். அவன் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, விரலால் இரண்டு தட்டு தட்டினான். முள்ளின் அடியில் ஒட்டியிருந்த கடுகளவு காற்றுக்குமிழிகள் மூன்று நான்கு மேலே போயின. முள் 1.023-லிருந்து இறங்கி 1.020-இல் நின்றது.

குமிழி முள்ளைத் தூக்கிப் பிடிக்கும். அதனால் இல்லாத உப்பை இருப்பதாகக் காட்டும். முள்ளில் உப்பு படிந்தால் நேர்மாறு, கனம் கூடி, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். என்னிடம் இருந்தது முதல் வகை. மச்சான் பைக் பையிலிருந்து வேலைக்கு வைத்திருக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்து வந்தான். ஒளி வளையும் அளவை வைத்து உப்பைக் காட்டும் கருவி அது. கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு மூடி, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தான். "நீங்களே பாருங்க மாமா." நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 27-இல் நின்றது. கடல் நீர் 35 இருக்க வேண்டும்.

எங்கிருந்து குறைந்தது? ஆர்ஓ தண்ணீரைக் கூடுதலாக ஊற்றவில்லை. அப்போதுதான் பால்கனியில் இருந்த 20 லிட்டர் கேன்கள் நினைவுக்கு வந்தன. அக்டோபரில் முடிப்பாசி கண்டபடி வளர்ந்ததால் தண்ணீர் மாற்றுவதை வாரம் 40 லிட்டராகக் கூட்டியிருந்தேன். அவ்வளவுக்குப் பாக்கெட் உப்பு கட்டுப்படியாகவில்லை. அதனால் கடையில் கேனில் விற்கும் இயற்கைக் கடல் நீரை வாங்க ஆரம்பித்தேன். அக்டோபர் 22, 29, நவம்பர் 5, மூன்று ஞாயிறு, ஒவ்வொரு முறையும் இரண்டு கேன். மீதமிருந்த ஒரு கேனிலிருந்து இரண்டு சொட்டு எடுத்து வைத்துப் பார்த்தோம். 25.

கேன்காரர் ஏமாற்றவில்லை. அவர் கடலில் மொண்டது அதுதான். வடகிழக்குப் பருவ மழையின்போது கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு எல்லாம் கரையோரத்தில் நல்ல தண்ணீரைக் கொட்டுகின்றன. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. அக்டோபர் வாக்கில் வங்கக் கடலின் மேற்குக் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பி, கங்கையும் மகாநதியும் கோதாவரியும் கிருஷ்ணாவும் விட்ட நீர் கலந்த, உப்பு குறைந்த தண்ணீரைச் சென்னைப் பக்கம் இழுத்து வருகிறது. மே மாதத்தில் 34, 35 இருக்கும் அதே கரை, நவம்பரில் வேறு தண்ணீர். பொரிப்பகத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாம். மழைக் காலத்தில் ஒவ்வொரு முறை கடல் நீர் இறைக்கும்போதும் உப்பு பார்த்த பிறகே தொட்டிக்கு விடுவார்களாம்.

பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். 160 லிட்டரில் 40 என்றால் கால் பங்கு. 25 பிபிடித் தண்ணீரை மூன்று முறை கால் பங்கு மாற்றி 27-க்கு வந்திருக்கிறது என்றால், தொடக்கத்தில் 30 அளவில்தான் இருந்திருக்க வேண்டும். அதாவது ஜூனில் இருந்தே குமிழி ஒட்டிய முள்ளை நம்பி, உப்பு குறைந்த தண்ணீரில்தான் எல்லாவற்றையும் விட்டிருக்கிறேன். 30-இல் எப்படியோ சமாளித்தவை, இரண்டே வாரத்தில் 27-க்கு இறங்கியபோது உடைந்துவிட்டன.

மீன்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டேன். மச்சான் சொன்னதையும், அப்புறம் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். கடல் மீனின் ரத்தத்தில் உப்பு, கடல் நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அது கடல் நீரைக் குடித்து, அதிலுள்ள உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. வெளியே உப்பு குறைந்தால் அதற்கு வேலை மிச்சம். நத்தைக்கும் முள்ளெலிக்கும் அப்படி ஒரு ஏற்பாடே இல்லை. அவற்றின் உடம்புக்குள் இருக்கும் திரவம் வெளியே இருக்கும் தண்ணீரின் அதே உப்போடு இருக்கிறது. வெளியே குறைந்தால், சமமாகும்வரை தண்ணீர் உடம்புக்குள் புகுந்து ஒவ்வொரு செல்லையும் ஊத வைக்கும். முள்ளெலிக்குத் தண்ணீர் சுற்றுப்புறம் மட்டுமல்ல, அதன் குழாய்க்கால்களுக்குள் ஓடுவதும் அதே கடல் நீர்தான். அதனால்தான் மீன் ஆடிக்கொண்டிருக்கும்போது அது முள்ளை உதிர்த்தது.

"நீங்க வனாமி வளக்கறீங்களே, அது என்ன உப்புலயும் நிக்குதே?" என்று கேட்டேன். வனாமி என்பது பண்ணைகளில் வளர்க்கும் இறால் வகை.

"வனாமிய வச்சு இதுங்கள எடை போடாதீங்க மாமா. அது கழிமுகத்துல வளர்ற ஜாதி, கிட்டத்தட்ட நல்ல தண்ணியில இருந்து நாப்பது பிபிடி வரைக்கும் தாங்கும். அதுக்கே குஞ்சுகளக் குளத்துல விடறதுக்கு முன்னாடி பாத்துப் பாத்து உப்பு மாத்துவோம். பவளப் பாறை இறால் பொறந்ததுல இருந்து ஒரே தண்ணிய பாத்தது."

இனி ஏற்ற வேண்டும். கை பரபரத்தது, அன்றே உப்பைக் கரைத்துக் கொட்டிவிடலாம் என்று. கணக்கு எளிதுதான்: லிட்டருக்கு 8 கிராம் குறைவு, 160 லிட்டருக்கு 1,280 கிராம். ஆனால் ஒரே நாளில் கொட்டினால் மிஞ்சியவையும் போய்விடும். ஊதிப் பழகிய செல்களில் இருந்து இப்போது தண்ணீர் வெளியே இழுபடும். இறங்குவதைவிட ஏறுவதை இன்னும் நிதானமாகச் செய்ய வேண்டும் என்பது மச்சானின் அனுபவம்.

அதற்கு நான் செய்தது இதுதான். நவம்பர் மாதக் குளிரில் தொட்டியிலிருந்து தினமும் ஏறக்குறைய 2 லிட்டர் ஆவியாகிறது. உப்பு ஆவியாகாது, தண்ணீர் மட்டும்தான் போகும். வழக்கமாக அந்த 2 லிட்டருக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் ஊற்றுவேன். இப்போது அதற்குப் பதிலாக 35 பிபிடி உப்புத் தண்ணீரை ஊற்றினேன். 2 லிட்டரில் 70 கிராம் உப்பு. 160 லிட்டருக்கு அது பரவும்போது நாளுக்கு அரை பிபிடிக்கும் கொஞ்சம் குறைவாக ஏறும். 27-லிருந்து 35-க்குப் போக 18 நாள். மட்டமும் மாறாது, கூடுதல் பாத்திரமும் வேண்டாம்.

ஒவ்வொரு இரவும் ஒரு வாளியில் ஆர்ஓ தண்ணீர் எடுத்துப் பாக்கெட் உப்பைக் கரைத்து, சின்ன பம்பை ஓடவிட்டு விடியும்வரை கலக்கவிட்டேன். அவசரமாகக் கரைத்தது மணல் மாதிரி அடியில் நிற்கும், அது நத்தைமேல் விழுந்தால் புண்ணாகும். எடை போடும்போது ஒரு சங்கதி: பாக்கெட் உப்பில் ஈரம் இருக்கும். 35 கிராம் போட்டால் 35 பிபிடி வராது. எனக்கு லிட்டருக்கு 38 கிராம் பிடித்தது. அந்த 18 நாளும் தண்ணீர் மாற்றவில்லை, உணவைப் பாதியாகக் குறைத்தேன். அசையாத நத்தை ஒவ்வொன்றையும் மூக்கருகே வைத்துப் பார்த்தேன். உயிரிருந்தால் கடல் வாசம்தான் வரும், செத்திருந்தால் தூக்கிப்போடும் நாற்றம். அசையாமல் இருப்பதைச் செத்தது என்று முடிவு கட்டியிருந்தால், அப்புறம் எழுந்து நடந்த ஒரு டர்போவை நானே குப்பையில் போட்டிருப்பேன்.

நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். நவம்பர் 14: 27. ஹெர்மிட் ஒன்று ஓட்டை விட்டு வெளியே வந்து நிர்வாணமாக மணலில். இரவுக்குள் செத்தது. 16: 28. இன்னொரு ஹெர்மிட் போனது. 19: 29. முள் உதிர்வது நின்றது. 22: 30.5. நஸ்ஸாரியஸ் ஒன்று இல்லை, தேடினேன், ஓடு மட்டும் கிடைத்தது. மீதி ஐந்தும் இறால் துணுக்கு வாசம் பட்டதும் மணலைக் கிழித்துக்கொண்டு வந்தன, தும்பிக்கையை ஆட்டியபடி. 25: 32. முள்ளெலி மீண்டும் பாறையில் ஏறியது. இதை எழுதியபோது பேனாவை அழுத்தி இரண்டு கோடு போட்டிருக்கிறேன். 28: 33.5. மிஞ்சிய இறால் சட்டை உரித்தது, முழுசாக வெளியே வந்தது. இரண்டு நாள் பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. டிசம்பர் 1: 35.

ஐந்து டர்போ, ஒரு நஸ்ஸாரியஸ், இரண்டு ஹெர்மிட், ஒரு கிளீனர் இறால். போனவை இவ்வளவு.

இதற்கு இடையிலேயே சொந்தமாக ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன். அதோடு ஒரு சின்ன குப்பியில் தண்ணீரும் தந்து, அதைச் சொட்டி பூஜ்யத்தில் திருகிக்கொள்ளச் சொல்லியிருந்தது. நாம் பார்க்கப்போவது 35. பூஜ்யத்தில் சரியாக இருப்பது 35-இலும் சரியாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சமையல் உப்பைக் கொண்டே ஒரு அளவுக் கரைசல் செய்யலாம்: 36.5 கிராம் உப்பு, 963.5 கிராம் ஆர்ஓ தண்ணீர். இந்தக் கரைசல் ஒளியை வளைக்கும் அளவு 35 பிபிடி கடல் நீருக்குச் சமம். நகைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் பத்தில் ஒரு பங்கு செய்தால் போதும், 3.65 கிராமும் 96.35 கிராமும். தண்ணீரையும் எடை போட வேண்டும், அளவுக் குவளை கூடாது. பூஜ்யத்தில் சரியாக நின்ற என் புதுக் கருவி இந்தக் கரைசலில் 37 காட்டியது. திருகி 35-க்குக் கொண்டுவந்தேன். அப்படிச் செய்யாமல் விட்டிருந்தால் 35 என்று நினைத்து 33-இல் நின்றிருப்பேன். மாதம் ஒருமுறை இந்தக் கரைசலை வைத்துப் பார்க்கிறேன். குப்பியை இறுக்கி மூடி வைக்க வேண்டும், இல்லையென்றால் அதுவும் ஆவியாகி ஏமாற்றும்.

பெருமூச்சு விட்டது இரண்டே நாள். டிசம்பர் 3 இரவு தொடங்கி மிக்ஜாம் புயல் மழை. 4-ஆம் தேதி காலை மின்சாரம் போனது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மறுநாள் மாலைதான் மின்சாரம் வந்தது. 31 மணி நேரம். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, 150 ஆம்பியர் மணி பேட்டரி. மின்விசிறிகளை ஓடவிட்டிருந்தால் மாலைக்குள் தீர்ந்திருக்கும். மழைக்குக் குளிராகத்தான் இருந்தது, விசிறி வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு விளக்கு, கைபேசி, தொட்டியில் 6 வாட் அலை பம்ப் ஒன்று. தண்ணீரின் மேற்பரப்பு அசைந்துகொண்டே இருந்தால்தான் ஆக்சிஜன் இறங்கும். அந்தச் சின்ன பம்பை மேலே திருப்பிவிட்டேன். உணவு போடவில்லை. கீழே தெருவில் படகு போனது. தொட்டியில் எந்த உயிரும் போகவில்லை. இரண்டரை வாரம் முன்பு உப்பு 28-இல் இருந்தபோது இந்தப் புயல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

கோடையில் பிரச்சினை தலைகீழ். ஏப்ரல், மே மாதங்களில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரி போகும். சில்லர் என் பட்ஜெட்டுக்கு அப்பாற்பட்டது. கணினிக்கு வரும் 12 வோல்ட் விசிறி இரண்டைத் தண்ணீர்மேல் சாய்த்து வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆனால் அது ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. நாளுக்கு நாலரை லிட்டர் போகிறது. ஊற்றாமல் விட்டால் ஒரே நாளில் 35 என்பது 36 ஆகும். மூன்று நாள் ஊருக்குப் போய்வந்தால் 38. அதனால் ஏர் கூலருக்குள் இருக்கும் மிதவை வால்வு ஒன்றை வாங்கி வடிகட்டித் தொட்டியில் பொருத்தினேன். மட்டம் இறங்கினால் மேலே வைத்த கேனிலிருந்து ஆர்ஓ தண்ணீர் தானாக வரும். வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். உள்ளே பித்தளைத் திருகோ கம்பியோ இருக்கவே கூடாது. பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. முழுக்கப் பிளாஸ்டிக்காக இருப்பதைத் தேட மூன்று கடை ஏறினேன். இன்னொன்று, கேன் பெரிதாக இருந்தால் அடிக்கடி நிரப்ப வேண்டாமே என்று 50 லிட்டர் வைக்கத் தோன்றும். வால்வு ஒருநாள் மாட்டிக்கொண்டால் அந்த 50 லிட்டரும் தொட்டிக்குள் போய்விடும். நான் 10 லிட்டர் கேன்தான் வைத்திருக்கிறேன். முழுவதும் கொட்டினாலும் 35 என்பது 33-க்குத்தான் இறங்கும். அதை உயிர்கள் தாங்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை நிரப்புவது ஒரு சிரமமே இல்லை.

புது உயிர்களை விடும் முறையையும் மாற்றிவிட்டேன். முன்பு பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் கலந்து விட்டுவிடுவேன். இப்போது பையைப் பிரித்ததும் முதல் வேலை அதன் உப்பைப் பார்ப்பது. 2024 பிப்ரவரியில் வாங்கிய டர்போக்களின் பை 29-இல் இருந்தது. ஒரு டப்பாவில் அவற்றைப் பைத் தண்ணீரோடு ஊற்றி, காற்றுக்குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டியிலிருந்து விநாடிக்கு இரண்டு சொட்டாக இறங்கவிட்டேன். தண்ணீர் மூன்று மடங்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்புறம் நத்தைகளை மட்டும் கையால் எடுத்து விட்டேன். பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது. கடையில் மீனுக்குச் செம்பு மருந்து போட்டிருக்கிறார்களா என்று நமக்குத் தெரியாது. கூடவே டர்போ அளவுக்குக் காலி ஓடுகள் பத்துப் பன்னிரண்டை மணலில் போட்டு வைத்தேன். ஹெர்மிட் நண்டுக்கு வளர வளர வீடு மாற வேண்டும். காலி வீடு கிடைக்காவிட்டால் நத்தையைக் கொன்று எடுத்துக்கொள்ளும்.

அயோடின் சொட்டு மருந்து ஊற்றினால் இறால் நன்றாகச் சட்டை உரிக்கும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நான் ஊற்றுவதில்லை. பாக்கெட் உப்பிலேயே அது இருக்கிறது, வாரம் 15 லிட்டர் மாற்றுகிறேன், அது போதும். அளவு பார்க்க முடியாத எதையும் தொட்டியில் ஊற்றக் கூடாது என்பதில் இப்போது உறுதியாக இருக்கிறேன். கால்சியம் 420, காரத்தன்மை 8.5, மக்னீசியம் 1,300. இந்த மூன்றும் நிலையாக நின்றால் நத்தையின் ஓட்டு விளிம்பில் புது வளர்ச்சி வெளிர் நிறக் கோடாகத் தெரியும். பாசி தீர்ந்துபோனால் டர்போ பட்டினியில் சாகும். அதனால் வாரம் இரண்டு முறை நோரி எனும் காய்ந்த கடற்பாசித் தாளைக் கல்லில் ரப்பர் போட்டுக் கட்டிப் போடுகிறேன். முள்ளெலிதான் முதலில் வருகிறது.

தனித்திருந்த கிளீனர் இறாலுக்கு மார்ச்சில் ஒரு துணை வாங்கினேன். இந்த இனத்தில் வளர்ந்த ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும்தான், ஆனால் முட்டை கருக்கட்ட இன்னொன்று வேண்டும். மே மாதம் இரண்டின் வயிற்றடியிலும் வெளிர் பச்சையில் முட்டைக் கொத்து. இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி, விளக்கணைத்த கொஞ்ச நேரத்தில், டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் முழுக்கப் புள்ளிப் புள்ளியாக நீந்தியது. கோமாளி மீன்கள் பாதியைத் தின்றுவிட்டன. மீதியில் முடிந்தவரை ஒரு குவளையில் மொண்டு, காற்று விட்டு, மச்சானுக்குப் போன் செய்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவன், குஞ்சுகளுக்குத் தீனியாகும் ஆர்ட்டிமியா முட்டை டப்பாவோடு வந்து இறங்கினான். அவனுடைய பொரிப்பகத்தில் கோடிக்கணக்கில் குஞ்சு எடுப்பவன், எங்கள் குவளையில் இருந்த அறுபது குஞ்சுக்காக இரவெல்லாம் தூங்காமல் வந்திருக்கிறான். குவளையிலிருந்து ஒரு சொட்டை எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தான், 35. ஒன்பது நாள் உயிரோடு வைத்திருந்தோம். இந்த இனத்தின் குஞ்சுகள் பெரிதாகி அடியில் இறங்க மாதக்கணக்கில் ஆகும், அவ்வளவு தூரம் எங்களால் போக முடியவில்லை. இப்போது மறுபடி இரண்டிலும் பச்சை தெரிகிறது. இந்த முறை குவளைக்குப் பதில் வட்டமான ஒரு பாத்திரம் தேடிக்கொண்டிருக்கிறோம். மூலையில்லாமல் இருந்தால் குஞ்சுகள் ஒதுங்கி ஒட்டாது என்கிறான் மச்சான்.